நிமிடத்துக்குப் பன்னிரண்டு

டாக்டர் பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே, “உயிர் போனது எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். சின்னவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் மார்பு நின்ற கணத்திலேயே பார்த்து மனதில் எழுதி வைத்திருந்தான்.

“ரெண்டு அம்பது சார்.”

“நீங்க எனக்குப் போன் பண்ணப்பவே மூணரை தாண்டிடுச்சே.”

“இல்ல சார், உடனே பண்ணேன்.”

டாக்டர் தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். மூன்று ஐம்பது. சின்னவனின் கைக்கடிகாரத்தில் மூன்று ஐந்து. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது கருத்து கேட்பதைப் போல, கட்டிலில் கிடந்த அப்பாவையும் ஒருமுறை பார்த்தார். “இந்த மாதிரி நேரத்துல யாருக்குத் தம்பி மணி தெரியும்” என்று தோளைத் தட்டிவிட்டுத் தன் கணக்குப்படி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சின்னவனுக்கு மணி தெரியும். அவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான் என்று அண்ணன் சொல்வான்.

ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்ப்பது சின்னவனின் தொழில். மலிவு விலை ஆட்டோமேட்டிக் கடிகாரம் அவனுடைய மதம். அதில் பேட்டரி கிடையாது. கட்டியிருக்கும் கை ஆட ஆட உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கிவிடும். கொஞ்சம் விலை கொடுத்தால் திருகியும் முறுக்கலாம். இவன் வாங்கியது கை ஆடினால் மட்டுமே பிழைக்கிற ரகம். “விலை கம்மின்னா நம்பிக்கையும் கம்மியா? ஒரு நாளைக்குப் பத்து செகண்டுக்கு மேல தப்பட்டும், பாக்கலாம்” என்று சோற்றைப் பிசைந்தபடி சவால் விடுவான். மல்லாக்க வைத்தால் சற்று முந்தும், பக்கவாட்டில் வைத்தால் பிந்தும் என்பதால் குளிக்கப் போகும்போதுகூட அதை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது என்று நின்று யோசிப்பான். “பெத்த பிள்ளையை நான் இவ்ளோ பாத்துப் படுக்க வச்சதில்ல” என்பாள் அம்மா. “பஸ்ஸுக்குப் பத்து செகண்ட் வேணாம்டா, பத்து நிமிஷம் முன்னாடி எழுந்திரிச்சா போதும்” என்பார் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான்: “கிலுகிலுப்பை.”

அப்படிப்பட்டவனிடம்தான் நேற்றுக் காலை அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸம்மா வேலையை ஒப்படைத்தாள். “ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு அப்பப்ப எண்ணிக்கிட்டே இருங்க. எட்டுக்குக் கீழ இறங்கிச்சுன்னா யோசிக்காதீங்க, வர வேண்டியவங்க எல்லாரையும் கூப்பிட்டுடுங்க.”

எண்ண உட்கார்ந்தான். அப்பா அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவேயில்லை, இவனும் உருவிக்கொள்ளவில்லை. வலது கையால் சாப்பிட்டான், நாற்காலியிலேயே தலை சாய்த்தான். மணிச் சத்தத்துக்கு அப்பா திடுக்கிடுகிறார் என்று கைபேசியை அம்மாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பியிருந்தான். கடிகாரம் கட்டிய அந்த இடது கை இரண்டாவது நாளாக மெத்தையின் மேல் அப்படியே கிடந்தது.

இன்று மதியம் அண்ணனுக்கு அழைப்பு வந்தது. ஏதோ அலுவலகத்தில் லிஃப்டுக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். போய் ஆளை வெளியே எடுத்துவிட்டுப் போன் பண்ணினான். அம்மா அதைச் சின்னவனின் காதில் வைத்தாள்.

“எவ்ளோடா?”

“இப்பதான் எண்ணுனேன். பன்னெண்டு.”

“நல்லா இருக்கே! அப்ப அந்த லிஃப்ட் கேபிளையும் மாத்திட்டு வந்துடவா?”

“மெதுவா வாண்ணே.”

மெதுவா வாண்ணே. டாக்டர் போன பிறகு சின்னவன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கடிகாரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். வினாடி முள் நின்றது. கையை அசைத்தான், ஓடியது. வைத்தான், கொஞ்சம் போய் மறுபடி நின்றது. அப்பாவின் விரல்கள் இறுகியபோதெல்லாம் ஓடியிருக்கிறது, தளர்ந்தபோதெல்லாம் நின்றிருக்கிறது. இவன் கண் முழுக்க அப்பாவின் மார்பின் மேல். முள் ஒரு சுற்று வந்துவிட்டதா என்று மட்டும்தான் இடையிடையே பார்த்திருக்கிறான். அந்த ஒரு சுற்று இரண்டு நிமிடமாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் பன்னிரண்டு என்பது ஆறு.

மணி மாற்றும் திருகை வெளியே இழுத்தான். முக்கால் மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டால் டாக்டரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. டாக்டரும் இதை மறந்தே போயிருப்பார். முள்ளை நகர்த்தாமலே திருகைத் திரும்ப உள்ளே அழுத்திவிட்டு, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பித்தான் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

அண்ணன் வந்திருந்தான். கிரீஸ் படிந்த கையால் அப்பாவைத் தொடலாமா என்று தெரியாமல் முழங்கை மட்டும் படும்படி அவர் பாதத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அழவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“கடைசி வரைக்கும் நல்லாத்தாங்க இருந்தார். என் தம்பி பக்கத்துலயே உக்காந்து எண்ணுனான். நிமிஷத்துக்குப் பன்னெண்டு. பொசுக்குனு போயிட்டார். பறந்து வந்திருந்தாலும் நான் பாத்திருக்க முடியாது.”

அடுத்து அண்ணியின் தம்பி வந்தபோது அது பதின்மூன்றானது. மாடி வீட்டுத் தையல்காரர் வந்தபோது பதினான்கு. இதே வேகத்தில் போனால் அமரர் வண்டி வருவதற்குள் அப்பா ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகிவிடுவார் போலிருந்தது. வேறு நாளாக இருந்தால் சின்னவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இப்போது ஒவ்வொரு எண் ஏறும்போதும் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டான்.

“சரியா எண்ணுனாரா தம்பி?” என்றார் தையல்காரர், ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் அளவு சரிபார்க்கிற பழக்கம் விடாமல்.

“என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? அவன் வாட்ச் பத்து செகண்ட் தப்பாதுங்க. நான்தான் இத்தனை வருஷமா கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன்” என்றான் அண்ணன். “டேய், காட்டுடா அவருக்கு.”

சின்னவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். “அப்புறம்ணே.”

“காட்டேன்டா. என்ன இப்ப?”

“விடுப்பா, அவன் இருக்கிற நிலைமையில” என்று அம்மா சொன்னாள். எல்லோரும் சின்னவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அண்ணன் கை கழுவ எழுந்தான். சின்னவனும் பின்னாலேயே போனான். அண்ணன் சோப்புத் தூளைப் போட்டு விரலிடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு லேசில் போவதாக இல்லை.

“அண்ணே. அந்தப் பன்னெண்டு தப்பு.”

“என்ன தப்பு?”

“கை ஆடல. ரெண்டு நாளா அப்பா புடிச்சுக்கிட்டிருந்தார்ல. வாட்ச் நின்னு நின்னு ஓடியிருக்கு. எனக்குத் தெரியல.”

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மெக்கானிக் என்பதால் அவனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. விளக்க வேண்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று சின்னவனுக்குத் தோன்றியது. கொஞ்ச நேரமாவது பேசிக்கொண்டிருக்கலாம்.

“நான் கேட்டப்ப?”

“ஆறு இருந்திருக்கும்.”

குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. அண்ணன் அதை மூடினான். நுரை போகாத கையைப் பார்த்துக்கொண்டு, “கேபிளை நாளைக்கு மாத்தியிருக்கலாம்” என்றான். அதை அவன் சின்னவனிடம் சொன்னதாகவும் தெரியவில்லை.

“அண்ணே…”

“வண்டி வந்துடுச்சு” என்று அண்ணி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

கட்டடத்தின் லிஃப்டில் அப்பாவை நீட்டிப் படுக்க வைக்க இடமில்லை. தன் வாழ்நாளில் எத்தனையோ லிஃப்டுகளை ஓட வைத்த அண்ணன் அதன் கதவைத் திறந்து, அளவு பார்த்து, மூடிவிட்டான். மாடிப்படி வழியாகத்தான் இறக்க வேண்டும். வண்டியோடு வந்தவர் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க வந்தார். “நாங்க பாத்துக்கிறோம்” என்றான் அண்ணன்.

தலைமாட்டைச் சின்னவன் தூக்கினான். அண்ணன் கால்மாட்டைத் தூக்கிக்கொண்டு படியின் பக்கம் முதுகைக் காட்டி நின்றான். கனம் முழுவதும் கீழே இருப்பவன் மேல்தான் இறங்கும்.

“திரும்பிக்கிட்டுப் போப்பா, பின்னால படி தெரியாது” என்றார் தையல்காரர்.

“வேணாங்க.”

அப்பாவின் நீளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் சின்னவனின் முகத்தைப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனை இப்படிப் பார்ப்பது இதுதான் முதல்முறை. சின்னவனுக்குப் பிடி வழுக்கியது. இறுக்கிக்கொண்டான்.

“படியை நீ சொல்லு” என்றான் அண்ணன்.

சின்னவன் ஸ்ட்ரெச்சருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அண்ணனின் குதிகால் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நின்றது.

“படி” என்றான்.

அண்ணன் பின்னால் திரும்பிப் பார்க்காமல் காலை இறக்கினான்.