பெண் பறிக்க ஆளில்லாத கரை

முன்னாளில் எங்கள் கரையில் ஓர் இல்லத்துக்கு ஒரு மணமே உண்டு. கடல் சூழ்ந்த சிறு நிலம். ஈரப்பலாவும் சேம்பும் எத்தனை வாய்க்குப் போதும் என்பதைத் தலைவர் ஆண்டுதோறும் அவையில் எடுத்துரைப்பார். மூத்தவன் மணப்பான். இளையவர் தமையனின் மக்களைத் தோளில் சுமந்து தனித்தே நரைப்பர். அதைக் கொடுமையென்று எவரும் சொன்னதில்லை. நிலவில் ஆடும்போது மட்டும் சிலருடைய பாடல்கள் முடிய மனமின்றி நீளும்.

முகாவா அப்படி நரைத்தவர். இளமையில் அவர் வைதீரிக்காகக் கட்டிய ஆட்டப்பாடல் இன்றும் எங்களுக்கு மனப்பாடம். அவளும் வேறொருவனை நாடவில்லை.

பின்பு கப்பல் வந்தது. பெருந்தீவில் நிலம் தருகிறார்கள் என்று சிலர் போயினர். அவர்களை நாடி உறவெல்லாம் போயிற்று. ஞாயிறுதோறும் வாசல்வரை மக்கள் நின்ற கோயிலில் இப்போது பாய்கள் விரித்தபடியே கிடக்கின்றன. சென்ற பருவத்தில் முகாவாவின் தமையனும் குடும்பத்தோடு கப்பலேறினார்.

"தம்பி, நம்ம வீட்டு அடுப்பு அணையக் கூடாது. இனிமே உன்னை யாரு தடுக்கப் போறா? போய் அவளைக் கூட்டிட்டு வா" என்றார், படகில் கால் வைத்தபடி.

முகாவா சென்றபோது வைதீரி பாய் முடைந்துகொண்டிருந்தாள்.

"பல்லு விழுந்த பிறகுதான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"இப்பத்தானே நிலம் இடம் விட்டுச்சு, வைதீரி."

"வரேன். ஆனா நடந்து வரமாட்டேன். எங்க அக்காவை எப்படித் தூக்கிட்டுப் போனாங்க! முற்றம் கொள்ளாத கூட்டம், அண்ணன்மாரு மல்லுக்கட்ட, அம்மா கூவி அழ... அப்படித் தூக்கிட்டுப் போ. இல்லேன்னா இங்கேயே கிடக்கேன்."

மணமகன் வீட்டார் பெண்ணைப் பறிப்பதும் பெண் வீட்டார் விடாது பொருதுவதும் எங்கள் முறைமை. தடுப்பாரின்றிப் போனவளை வேண்டாத பெண் என்பர்.

முகாவா வீடுவீடாகச் சென்று ஆள் திரட்டினார். அவரோடு பறிக்கச் சென்றவர்கள் நானும், என்னைப் போல் முழங்கால் வலிக்கும் பெண்டிர் மூவரும், காது மந்தமான கிழவர் பா மரினோவாவுமே. வைதீரி புதுப்பாவாடை சுற்றி, நடுத்தூணை இறுகக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள். நாங்கள் கூவிக்கொண்டு உள்ளே புகுந்து அவள் கையைப் பற்றினோம். எதிரே ஒருவருமில்லை. அவள் உடன்பிறந்தார் அனைவரும் பெருந்தீவில். எங்கள் கூச்சல் தானே தணிந்தது. அவள் வாசலையே பார்த்தாள்.

"வேண்டாம். நீங்கல்லாம் போங்க" என்றாள்.

முகாவாவின் கை நழுவியது. அப்போது பா மரினோவா சட்டெனத் தரையில் அமர்ந்து அவள் கணுக்காலைப் பற்றினார்.

"என் தங்கச்சியை விடமாட்டேன்! எவன்டா வந்தவன்?"

"யோவ், நீ எங்க பக்கம்யா!" என்று கத்தினேன்.

"போடி நொண்டி! இன்னைக்கு நான் இவ அண்ணன்!"

இழுத்தோம், அவரும் இழுத்தார். ஒருத்தி சறுக்கி முகாவாவின் மேல் விழுந்தாள். பா மரினோவா என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். வைதீரி குரலெடுத்து, தாயை விளித்து, முறைப்படி அழத் தொடங்கினாள். சற்றைக்கெல்லாம் கிழவர் மூச்சிரைத்துப் பிடியை விட்டார்.

அழுகை நின்றது. "அண்ணே, அதுக்குள்ள ஏன் விட்டே? இன்னும் கொஞ்சம் பிடி!"

அவர் மீண்டும் பற்றினார். நாங்களும் விரையவில்லை. வெயில் முற்றத்தைக் கடந்த பின்பே அவள் தூணை விட்டாள்.