கவிழ்த்து வைத்த பெட்டி

பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே குற்றவாளி யார் என்று முடிவாகிவிட்டது. தேவிப்பிரியாவுக்கு அதுதான் ஆத்திரம்.

முந்தின நாள் மாலை குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சவுண்ட் செட் அவள் அப்பா கலியபெருமாளுடையது. மிக்ஸரில் அவள். பாட்டில் பேஸ் இறங்குகிற இடமெல்லாம் இடதுபக்க ஸ்பீக்கர் பெட்டி தொண்டை கட்டினவன் மாதிரி கரகரத்தது. கல்யாண வீட்டுக்காரர் ராஜாங்கம் நேராக மேடையோரம் வந்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஏன்யா கலியபெருமாளு, பொம்பளப்புள்ள கையில மிஷின குடுத்தா இப்படித்தான் ஆவும். ஞாயித்துக்கெழம கோயில் திருவிழாவுக்கு விக்ரம ஒக்கார வையி. இல்லன்னா வேற செட்டு பாத்துக்குறேன்."

அப்பா தலையாட்டிவிட்டார். எலெக்ட்ரானிக்ஸ் படித்து, அந்த வீட்டிலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, சீ போ என்று சொந்தச் செட்டையே எடுத்து நடத்த வந்தவள் அவள். அந்த ஒரு தலையாட்டல் அவளை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டது.

இப்போது முதலியார்பேட்டையில், வீட்டை ஒட்டின ஷெட்டில், அந்தப் பெட்டி நடுவில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மிக்ஸரில் உட்காரப்போகும் சித்தப்பா மகன் விக்ரம், ஆம்ப்ளிஃபையர் ரேக்கில் சாய்ந்து நின்றான்.

"ஸ்பீக்கர் காயில் எரிஞ்சிருக்கும்க்கா. நீ சத்தத்த ஓவரா ஏத்திட்ட. சென்னைக்கு அனுப்பிடலாம், விடு."

"எரிஞ்சத நீ பாத்தியா?"

"பாக்கணுமா? கேட்டேனே."

"கேட்டே கண்டுபுடிக்கிற ஆளு, நீ டாக்டருக்குல்ல படிச்சிருக்கணும்."

அவள் வயரைக் கழற்றி, இரண்டு பெட்டிகளுக்கும் இடம் மாற்றிக் கொடுத்தாள். கரகரப்பும் அந்தப் பெட்டியோடு கூடவே போனது. ஆக, வயர் மேலும் பழியில்லை, ஆம்ப்ளிஃபையர் மேலும் இல்லை. அடுத்து சத்தத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு வந்த பிறகும் பேஸ் வந்தபோதெல்லாம் அது கரகரத்தது.

"பாத்துக்க. ஏத்தி அடிச்சதால வர்ற கரகரப்புன்னா, எறக்குனா போயிருக்கணும். இது போவல."

"எரிஞ்ச காயிலும் இப்படித்தான்க்கா இருக்கும்."

அது உண்மைதான். மீட்டரை எடுத்து, பேஸ் தருகிற பெரிய ஸ்பீக்கரான வூஃபரை இந்தப் பெட்டியிலும் நல்ல பெட்டியிலும் அளந்தாள். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. மூக்கை வைத்து மோந்தாள். கருகின வாடை இல்லை. இரண்டு கைகளையும் வூஃபரின் காகிதக் கோனின் மேல் பரப்பி, குழந்தையின் வயிற்றை அமுக்குவது மாதிரி மெதுவாக உள்ளே தள்ளினாள். சரக். விட்டாள். சரக்.

உள்ளே ஏதோ உரசுகிறது. காயில் நன்றாக இருக்கிறது. அப்படியானால் எதில் உரசுகிறது?

திருகுகளைக் கழற்றி வூஃபரை வெளியே தூக்கித் திருப்பினாள். விக்ரம் ரேக்கை விட்டு நிமிர்ந்தான். பின்பக்கக் காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது. கன்னங்கரேலென்று, மயிர்க்கால் மயிர்க்காலாகக் குத்திட்டு நிற்கிற தாடி. பெட்டியின் அடியிலும் ஒரு கை மணல்.

"கருமணல்," என்றாள். அலை இழுத்துக்கொண்டு போனபின் கடற்கரையில் கறுப்புக் கோடாகத் தங்குமே, அந்த மணல். காந்தத்தைக் கண்டால் விடாது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கலியபெருமாள் உள்ளே வந்தார். தாடியைப் பார்த்தார்.

தேவிப்பிரியாவுக்கு ஞாபகம் வந்தது. மாசி மகத்துக்குக் கடற்கரையில் செட் போட்டபோது, தீர்த்தவாரிக்குச் சாமிகள் வந்து சேரும் முன்னால் பனி இறங்க ஆரம்பித்தது. அப்பா ஓடிப்போய்ப் பெட்டிகளை முகங்குப்புற மணலில் சாய்த்தார். இளவயதில் கடலுக்குப் போனவர். வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்க்கிற கை அது. 'கவுத்துட்டேன், இனிமே பனியும் பாயாது, உப்பும் ஏறாது' என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வள்ளத்தை அப்படிக் கவிழ்த்தால் ஒரு கெடுதலும் இல்லை. வள்ளத்துக்குள் காந்தம் கிடையாது. பெட்டியின் முகத்திலோ காற்றுப் போக ஓட்டை இருக்கிறது. இந்தப் பெட்டி அதன் வழியே அள்ளிய மணலைக் காந்தம் காயில் சந்துக்குள்ளும் இழுத்திருக்கிறது.

"மகத்துக்கப்பறம் எத்தன விசேஷம் போச்சு," என்றான் விக்ரம். "அப்பல்லாம் கரகரக்கலயே?"

"கொஞ்சங்கொஞ்சமா உள்ள போயிருக்கும். இல்ல, அப்பவே கரகரத்துச்சோ என்னவோ. அப்பல்லாம் மிக்ஸர்ல நீதான் இருந்த, உனக்கு எங்க கேட்டிருக்கும்."

தாடியைத் துடைத்தெடுத்துவிட்டு, கோனின் நடுவிலிருந்த மூடியின் ஓரத்தில் தின்னர் தடவி, பிளேடால் நோகாமல் கிளப்பினாள். டேப்பை மடித்து, காயிலைச் சுற்றியிருந்த சந்தில் விட்டுவிட்டு எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் டேப் கறுப்பாக வந்தது. கடைசியில் வெறுமனே வந்தது. கோனைத் தள்ளினாள். சத்தமே இல்லை.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. ராஜாங்கம். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ரெடியாயிடுச்சு ராஜாங்கம். ஒண்ணுமில்ல, ஏதோ தூசி."

தேவிப்பிரியா மூடியை ஒரு கையிலும் பசை டியூபை மறு கையிலும் பிடித்தபடி எழுந்தாள்.

"தூசியா? மணலுன்னு சொல்லுப்பா. யாரால உள்ள போச்சுன்னும் சொல்லு. சொன்னாத்தான் இத ஒட்டுவேன்."

அப்பா போனைக் கையால் பொத்தினார். "ஏம்மா, மானத்த வாங்குற?"

"நேத்து என் மானம் போனப்ப தலையாட்டுனியே."

விக்ரம் கூரையைப் பார்த்தான். போனுக்குள் ராஜாங்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். கலியபெருமாள் மகளையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"ராஜாங்கம். தூசி இல்லய்யா, மணலு. மகத்தன்னிக்கி நாந்தான் பெட்டிய மணல்ல கவுத்து வச்சேன். உள்ள பூந்துடுச்சு. புள்ள மேல தப்பில்ல. அதுதான் கண்டுபுடிச்சுது."

ராஜாங்கத்தின் சிரிப்பு ஷெட் முழுக்க அதிர்ந்தது. "கவுத்து வச்சியா! அட, நானா இருந்தாலும் கவுத்துதான்யா வச்சிருப்பேன். பனியில எவன் மல்லாத்தி வப்பான்?" அப்பாவும் சிரித்துவிட்டார். "சரி, ஞாயித்துக்கெழம யாரு மிக்ஸர்ல?"

"பிரியாதான்."

"ம்," என்றார் ராஜாங்கம். உடனே போனை வைத்துவிட்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று அவள் மனசு துள்ளவில்லை. அப்பா செய்த தப்பு ஒரு சிரிப்போடு போய்விட்டது. அது கலியபெருமாளின் தப்பு, அவ்வளவுதான். ஆம்பள கையில் மிஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவள் செய்யாத தப்புக்கு மட்டும் ஊரிலுள்ள பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஜவாப்தாரி. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு வயர் புடுங்கிக்கொண்டாலும் போதும், மறுபடியும் ஆரம்பிப்பார்கள்.

ஆரம்பிக்கட்டும். அவள் மூடியின் ஓரத்தில் மெல்லிசாகப் பசையை ஓட்டி, நடுவில் வைத்து, விரல்நுனியால் சுற்றிலும் அமுக்கினாள்.

அப்பா பக்கத்தில் வந்து குந்தினார். "பாட்டு ஒண்ணு போட்டுக் கேக்கலாமாம்மா?"

"பசை காயட்டும்ப்பா," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.