ஒட்டிக்கொண்ட கதவு

தீயில் எரிந்த இருநூறு வருடப் பேராலயத்துக்குப் புதுக் கதவு செய்தவர் என் அக்கா புருஷன். திறப்பு நாளில், சடங்குப்படி, பிஷப்பான ஆயர் வெளியே நின்று கோலால் தட்டினார். நாங்கள் உள்ளிருந்து இழுத்தோம். முந்தின நாள் அடித்த வார்னிஷில் கதவு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மானம் போச்சுடா மாப்ளே."

"காயறதுக்கு முன்னாடி யாரு மூடச் சொன்னா மச்சான்?"

கூப்பிடும்போது எங்களுக்கு ஆயரும் ஆண்டவர்தான். மச்சான் கதவிடுக்கில் வாய் வைத்துக் கத்தினார்: "ஆண்டவரே, கொஞ்சம் தள்ளிவிடுங்க."

வெளியே கூட்டத்துக்கு முதல் சொல் மட்டும்தான் கேட்டிருக்கும். பூசை மன்றாட்டுக்குப் பதில் சொல்லும் பழக்கதோஷத்தில் அது, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முழங்கியது.

ஆயர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் தோள் கொடுக்க, பின்னால் சனமெல்லாம் சேர்ந்து தள்ளியது. கதவு படாரென்று திறந்தது. வருடக்கணக்காகத் தகரக் கொட்டகையில் பூசை கண்ட கூட்டம் பாடிக்கொண்டே நுழைந்து, சுவரோரம் ஒதுங்கிய மச்சானையும் பீடம் வரை இழுத்துக்கொண்டு போனது.