கடல் பக்கம் பார்த்துச் சுடுங்கள்

எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி, எங்கள் கஃபீல் ஹுமைத், நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவரைத் திட்டும்போது நன்றி கெட்ட பயல் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ள மாட்டார். பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் கடலுக்குப் போ என்று விரட்ட மாட்டார். அமீரகத்தில் ராசல் கைமாவுக்கு வடக்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு சின்ன ஊரில் அவருக்கு மூன்று ஃபைபர் வள்ளங்கள். வள்ளத்துக்கு மூன்று பேராக ஒன்பது பேர் வேலை செய்கிறோம். ஒன்பது பேரும் குளச்சல் பக்கத்துக்காரர்கள். நான் பெர்சி, நடு வள்ளத்து இஞ்சின் டிரைவர். என் தங்கை சுகிர்தராணியைக் கட்டிய ஜெகின் என் வள்ளத்தில்தான் கூடு இழுத்துக்கொண்டிருந்தான். கம்பியில் பின்னிய ஆள் உயர மீன்கூடு அது. கடலடியில் இறக்கிப் போட்டு, நாலு நாள் கழித்து இழுப்போம். இப்போது ஜெகின் கூடு இழுப்பதில்லை. அவன் இடது கை தோளுக்கு மேலே எழும்பாது.

போன வருஷம் அந்த ஊரில் யார் வீட்டிலோ கல்யாணம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கூடு இழுத்துக்கொண்டிருந்தோம். கரையில் படபடவென்று வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர் மாதா கோயிலில் வெடி போடாமல் கொடி ஏறாது. வெடி கேட்டால் வானத்தைப் பார்க்கத்தான் எங்களுக்குத் தெரியும், குனிந்து படுக்கத் தெரியாது. நான்தான் இஞ்சினை அணைத்தேன், நன்றாக வேடிக்கை பார்ப்பதற்காக. மூன்று பேரும் எழுந்து நின்று, பகலில் வாணம் தெரியுமா என்று அண்ணாந்து பார்த்தோம். ஜெகின் கைகூடத் தட்டினான்.

அடுத்த நிமிஷம் யாரோ கல்லால் அடித்ததுபோல அவன் உட்கார்ந்துவிட்டான். குண்டு தோளின் மேல்பக்கம் இறங்கி, முதுகு வழியாக வெளியே வந்து, வள்ளத்தின் அடித்தட்டையும் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. கூட இருந்தவன் ஜெகினுடைய தோளை அமுக்கிப் பிடித்தான். நான் ஓட்டையில் குதிகாலை அழுத்தி வைத்துக்கொண்டு கரைவரை ஓட்டினேன். நாலு விரல் தள்ளி இறங்கியிருந்தால் என் தங்கை விதவை. இதை நினைக்காமல் நான் தூங்கிய நாளில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்து கேட்டது. இந்த நாட்டில் கொண்டாட்டத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுடுவது குற்றம். சுட்டவன் ஜெயிலுக்குப் போவான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஹுமைத் நின்றிருந்தார், கையில் ஆப்பிள் பை, கண்ணில் நிஜமான கண்ணீர். சுட்டவர்களில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம். அவரை ஒரு தடவை பார்த்த ஜெகின், கூட்டுக் கம்பி குத்திவிட்டது என்று போலீஸிடம் சொன்னான். நல்ல மனுசருக்குக் கேஸு எதுக்கு மச்சான் என்று பிறகு என்னிடம் காரணமும் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில், காயம்பட்ட ஆளென்றும் பார்க்காமல் திட்டித் தீர்த்தேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஹுமைத்தின் மூத்த மகனுக்கே கல்யாணம். பத்து நாளைக்கு முன்னால், ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு எங்கள் ரூமுக்கே வந்து அழைத்தார். விருந்துக்கு உயிரோடு துடிக்கிற கலவா மீன் வேண்டும், காலையில் போய் நாலு மணிக்குக் கடற்கரைப் பந்தலுக்கே நேராகக் கொண்டுவாருங்கள் என்றார். துப்பாக்கி உண்டா என்று நான் கேட்டேன். அதற்குத்தான் அவர் பெருமையாகப் பதில் சொன்னார். இந்த முறை யாரும் வீடுகளுக்கு மேலே சுட மாட்டார்கள், அத்தனை பேரிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன், கடல் பக்கம் பார்த்துத்தான் சுடுவார்கள் என்றார்.

“பஹர் காலி, கடல் காலி,” என்றார், நெஞ்சில் கைவைத்து. “கடலில் யார் இருக்கிறார்கள்?”

அவருக்கு எதிரே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கல்யாண நாளன்று நாலு மணிக்குக் கடலிலிருந்து வரச் சொன்னதும் அவர்தான். கடலில் யார் இருக்கிறார்களாம்! என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவர் எழுந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் ரூமில் சண்டை தொடங்கியது. முதல் வள்ளத்துக்குத் தலைவரான ஜஸ்டஸ் அண்ணன் எங்களில் வயதானவர், பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறவர். அவங்க ஊர், அவங்க துப்பாக்கி, நாம் ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் சோலி முடிந்தது என்றார். நாம் பிந்தி வருவோம், பக்கத்து ஊர் வள்ளம் அந்த நேரம் வராதா என்று நான் கேட்டேன். போலீஸுக்கு முதலிலேயே போன் பண்ணலாம் என்றேன். போலீஸ் வந்து மணமேடையிலிருந்து மாப்பிள்ளையைக் கூட்டிப்போனால் ஹுமைத் முகத்தில் எப்படி முழிப்பது, மறுநாளே ஒன்பது விசாவும் கேன்சல்தான் என்றார் ஜஸ்டஸ் அண்ணன். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது. எலியே பூனைக்காக வக்காலத்து வாங்கினால் என்ன செய்வது என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பெரியவர் சின்னவர் தெரியாது.

அப்போதுதான் ஜெகின் பேசினான்.

“நான் அன்னைக்குக் கம்பின்னு சொன்னேம்லா, அதான் அவருக்குக் கடல் காலியாக் கெடக்கு,” என்றான். “குண்டுன்னு அவருக்கும் தெரியும். ஆனா என் பொய்யப் புடிச்சிட்டு நிம்மதியாத் தூங்குதாரு. இந்தத் தடவ நாம பிந்தி வரண்டாம். சரியா நாலு மணிக்கு வருவோம். அவங்க சுடுத எடத்துக்கு நேரா வள்ளத்த நிறுத்துவோம். நான் முன்னால நிக்கேன்.”

 ஜஸ்டஸ் அண்ணன் அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று சொல்லி எழுந்துபோய், மூலையில் கிடந்த நங்கூரக் கயிறுகளை எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தார்.

கல்யாண நாளன்று கடல் நல்ல அமைதி. நாற்பது கலவா கிடைத்தது. நாலு மணிக்கு மூன்று வள்ளங்களையும் கடற்கரைக்கு நேராகக் கொண்டுவந்தோம். மணலில் ஏற்றவில்லை. நூறடி தள்ளி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, முன்முனை கரையைப் பார்க்க நிறுத்தி நங்கூரம் போட்டோம். இஞ்சினை அணைத்தோம். ஒன்பது பேரும் எழுந்து நின்றோம். முன்னால் நின்றது என் வள்ளம். அதன் முன்முனை அணியத்தில், எல்லோருக்கும் முன்னால், ஜெகின்.  பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நன்றாகவே பயமாக இருந்தது.

கரையில் மேளம் அடித்து, கம்பை ஆட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் துப்பாக்கியோடு தண்ணீர் ஓரமாக வந்து வரிசையாக நின்றார்கள். துப்பாக்கிகள் மேலே எழும்பின. எங்களைப் பார்த்ததும் பாதியில் நின்றன. ஒருத்தன் கையை வீசி, ஓரமாகப் போங்கள் என்றான். நாங்கள் அசையவில்லை. மேளம் நின்றது.

ஹுமைத் ஓடிவந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கி முழங்கால்வரை நனையத் தண்ணீருக்குள் இறங்கி, யல்லா, யல்லா, சீக்கிரம் என்று கத்தினார். மீன் எங்கே, இஞ்சின் ரிப்பேரா, ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். இஞ்சின் ஒன்றும் ஆகவில்லை என்றேன். துப்பாக்கி காருக்குள் போகும்வரை வள்ளம் நகராது என்றேன். எனக்குத் தெரிந்த அரபியில் ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

“மாஃபி.”

முதலாளியிடம் இப்படி மூஞ்சிக்கு நேராக முடியாதென்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு பயம் போய்விட்டது.

அவருடைய முகம் சிவந்தது. விருந்தாளிகளுக்கு முன்னால் மானம் போகிறதே என்ற தவிப்பு. விசாவைப் பற்றி என்னவோ சொன்னார். கேன்சல் பண்ணுங்கள் பாபா, உயிரோடு ஊருக்குப் போகிறோம் என்று ஜஸ்டஸ் அண்ணன் எனக்குப் பின்னால் நின்ற தன் வள்ளத்திலிருந்து பதில் சொன்னார். பதினெட்டு வருஷம் தலையாட்டிய மனுசன் சொன்ன பதில் அது. எனக்குக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் வரிசையில் நின்ற ஒரு இளவட்டம், ஹுமைத்தின் தம்பி மகன், பொறுமை இழந்து அப்படியே திரும்பினான். கடல் இல்லாவிட்டால் போகட்டும் என்று, துப்பாக்கியை ஊர்ப் பக்கமாக உயர்த்தினான். அந்தப் பக்கம் பெண்களின் பந்தல். அதற்குப் பின்னால் வீடுகள், மொட்டைமாடிகளில் பிள்ளைகள்.

ஹுமைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாருக்குத் தெரியும். துப்பாக்கிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து மணலைப் பார்க்க அமுக்கினார். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், ஆட்கள் இருக்கிறார்கள் என்று அரபியில் அலறினார். குரல் உடைந்து போயிருந்தது. பிடித்த கையை விடாமலே எங்கள் பக்கம் திரும்பினார்.

ஜெகின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, இடது தோளை வெயிலில் காட்டிக்கொண்டு நின்றான்.

“பாபா, இது கம்பி இல்ல, குண்டு,” என்று அவனுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னான். “கடல்லயும் ஆள் இருக்கு. நீங்க சொல்லுங்க.”

ஹுமைத் அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கி மணலில் போட்டுவிட்டு, மறுபடி தண்ணீரில் இறங்கி வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து அந்தத் தோளைப் பார்த்தார். பிறகு, ஃபீ நாஸ், ஆள் இருக்கிறது என்று தாடிக்குள்ளேயே முணுமுணுத்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நங்கூரத்தை எடுக்கக் குனிந்துவிட்டேன்.

“நில்லுங்க மச்சான்,” என்றான் ஜெகின். “துப்பாக்கி வச்சிருக்கவங்களுக்குக் கேக்கல.”

அதைத் திரும்பவும் இந்தியில் கரையைப் பார்த்துச் சொன்னான். ஹுமைத் தலையைக் குனிந்தார். பிறகு அந்த வரிசையைப் பார்த்துத் திரும்பி, கடலை நோக்கிக் கையை நீட்டி, பந்தலில் இருந்த பெண்கள்கூட வெளியே வந்து எட்டிப் பார்க்கும்படி, ஃபீ நாஸ், கடலில் ஆள் இருக்கிறது என்று கத்திச் சொன்னார். அவ்வளவு சத்தமாக அவர் எங்களைத் திட்டினதுகூட இல்லை.