ஆறு நிமிஷத் தொட்டி

இருபத்து மூணு ரூபா பத்தணா. பண்டசோழநல்லூர் மாரிமுத்து, சொல்தா சுப்புராயனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அதுதான். காலணா கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. மணிக்குப் பதினாலணா வீதம் இருபத்தேழு மணி நேரம் எஞ்சின் ஓடிய கூலி. அந்தப் பாக்கி தீருகிற வரைக்கும் மாரிமுத்துவின் கழனிக்கு ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாது என்று சித்திரை மாசம் பத்தாம் தேதி சொல்தா சொல்லிவிட்டார்.

ஐம்பது குழி நவரை நெல்லு பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரே ஒரு தண்ணி காட்டினால் மணி கெட்டிப்படும். ரெண்டு நாளில் காட்டாவிட்டால் அத்தனையும் பதர். மாரிமுத்துவுக்கு வேறு கழனி இல்லை, வேறு நெல்லும் இல்லை.

சுப்புராயன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய் வந்தவர். ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்கிற சொல்தா என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனான். ஊரைச் சுற்றியிருந்த சுங்கச் சாவடிகளையும் எடுத்தார்கள். சொல்தா சேர்த்து வைத்திருந்த பென்ஷன் பணத்தில் கடலூருக்குப் போய் ஓர் ஆயில் எஞ்சின் வாங்கினார். அதை மாட்டு வண்டியில் ஏற்றி, மாட்டுக் கொம்புக்கெல்லாம் பூ சுற்றி, பொங்கலுக்கு முந்தின நாள் ஊருக்குள் கொண்டு வந்தார். பொதுக் கிணற்று மேட்டில் அதை நிறுத்தி, பக்கத்திலேயே சிமிட்டித் தொட்டியும் கட்டினார்.

பொங்கலன்று ஊரே கூடி நின்று பார்த்தது. எஞ்சின் கத்தின கத்தில் காக்கா ஒன்றும் அந்தப் பக்கம் இல்லை. குழாய் வாயிலிருந்து யானைத் துதிக்கை மொத்தத்துக்குத் தண்ணி விழுந்தது. சொல்தா கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, "ஆறு நிமிஷம். தொட்டி ரொம்பிடுச்சு பாத்துக்கோங்க," என்றார். மறுநாளே வில்லியனூரிலிருந்து பெயிண்டர் ஒருத்தனைக் கூட்டி வந்து தொட்டிச் சுவரில் நீல எழுத்தில் எழுத வைத்தார்: "ஆறே நிமிஷத்தில் தொட்டி ரொம்பும்."

அதோடு விட்டாரா? தை மாசம் பூராவும் காசு வேண்டாம் என்றார். யார் கழனிக்கும் சும்மா தண்ணி. சும்மா கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஏத்தத்தில் ஏறி மிதித்துக் காலெல்லாம் காய்ப்பு விழுந்தவன் மாரிமுத்து. எஞ்சின் குழாய் இறங்கிய கிணற்றில் இனி ஏத்தத்து வாளியான சால் இறங்க இடமில்லை என்றதும், அந்த ஏத்த மரத்தைக் கழற்றி வண்டிப் பட்டறைக்கு ஆறு ரூபாய்க்கு விற்றுவிட்டான். ஊரில் இருந்த மூணு ஏத்தமும் அந்த மாசத்திலேயே போய்விட்டது. மாசி முதல் தேதி சொல்தா கூலிக் கணக்கு நோட்டைத் திறந்தார்.

அந்த நோட்டை எழுதியவன் இன்னாசிமுத்து. பத்து வருஷம் மாரிமுத்து மேலே மிதிக்க, கீழே சால் பிடித்தவன். இப்போது காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு எஞ்சின் டிரைவர். மாசச் சம்பளம்.

மாசியில் மாரிமுத்துவின் கழனி ஒன்றரை மணியில் பாய்ந்தது. அடுத்த தடவையும் ஒன்றரை மணி. அப்புறம் ரெண்டு, ரெண்டரை, மூணு. பங்குனி போய்ச் சித்திரை பிறந்ததும் நாலரை. அதே கழனி, அதே வரப்பு, அதே பயிர்.

மாரிமுத்து நாற்பது வயசுக்கு மேல் பாகூர் படிப்பகத்தில் பெஞ்சியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றவன். கணக்கு மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை; அது ஏத்தத்தில் வந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே சாலை எண்ணி, நூறுக்கு ஒரு கூழாங்கல்லை ஓரத்தில் வைப்பான். ஒரு நாளும் ஒரு சால் தப்பியது கிடையாது. அவன் போய்ச் சொல்தாவிடம் கேட்டான்.

"இன்னா சொல்தாரே, மூணு மடங்கு நேரம் புடிக்குதே?"

"உன் வாய்க்கால்ல எலி வளை இருக்கும். போய்ப் பாருடா."

பார்த்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வாய்க்கால் நெடுக ஊர்ந்து பார்த்தான். இருந்த நாலு வளையையும் களிமண் வைத்து மிதித்து அடைத்தான். அடுத்த தண்ணியும் நாலரை மணிதான். அன்றைக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தபோது, நீர் மட்டம் படிக்கட்டுக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. குழாய் மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் துப்பியது. எஞ்சின் என்னவோ அதே கத்தல்தான். கத்தலுக்குக் காசு வாங்குகிறார் என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டது.

தண்ணி நிறுத்தின அன்றைக்கு வீட்டில் பெண்டாட்டி வேலம்மாள் விடவில்லை.

"யோவ், ஊர்ல எல்லாரும் குடுக்கறாங்க, உனக்கு மட்டும் இன்னா? கால்ல விழுந்தாவது அந்தத் தண்ணிய வாங்கு."

"கால்ல விழறதுக்கு நான் இன்னா திருடினேன்?"

"திருடல. புள்ளைங்க வாயில இந்த ரோஷத்தையா அரைச்சு ஊத்தறது?"

அவன் கொல்லையில் கட்டியிருந்த கிடாயைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு ரூபாயோடு திரும்பினான். வேலம்மாள் எண்ணிப் பார்த்தாள்.

"இன்னும் பதினொண்ணு பத்தணாவுக்கு எங்க போவ?"

"நான் குடுக்க வேண்டியது இவ்ளோ கூட இல்ல."

"இது இன்னா கணக்கு?"

"நாளைக்குக் காலையில கெணத்து மேட்டுக்கு வந்து பாரு."

காலையில் போனபோது அங்கே பாகூர் கடைவீதி அக்பர் அலியும் இருந்தார். எஞ்சினுக்கு டீசல் டின் போடுகிறவர். வண்டியிலிருந்து டின் இறங்கிக்கொண்டிருந்தது. கழனிக்காரர்கள் நாலைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். சொல்தா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"பணம் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும். இந்தத் தொட்டிய ஒருதரம் காலி பண்ணி ரொப்பிக் காட்டுங்க. டீசல் காசு நான் தரேன்."

"எதுக்குடா?"

"உங்க செவுத்துல எழுதியிருக்கறது நெசமான்னு பாக்கத்தான். என் வாய்க்கால்ல எலி வளை. இந்தத் தொட்டியில வளை இல்லையே?"

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். சொல்தாவுக்கு முகம் சுருங்கியது. அத்தனை பேர் பார்க்கையில் முடியாது என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. தொட்டி அடைப்பைப் பிடுங்கினார்கள், தண்ணி ஓடி முடிந்தது. திரும்ப அடைத்தார்கள்.

"பாய், உங்க கடிகாரத்த எடுங்க," என்றான் மாரிமுத்து. "சொல்தார் கடிகாரமும் ஓடட்டும், உங்களுதும் ஓடட்டும்."

அக்பர் அலி சட்டைப் பையிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "எனக்கு ஏம்பா இந்த வம்பு," என்றார், ஆனால் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. இன்னாசிமுத்து கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். குழாய் இருமியது, துப்பியது, அப்புறம் கை மொத்தத்துக்குத் தண்ணி விட்டது.

ஆறு நிமிஷம் ஆனபோது அடியில் முழங்கால் உயரத்துக்குக் கூட இல்லை. பத்து நிமிஷத்தில் பாதி. பதினெட்டு நிமிஷம் ஆனபோதுதான் தண்ணி விளிம்பைத் தொட்டது.

"பதினெட்டு," என்றார் அக்பர் அலி.

"இன்னிக்கு எஞ்சின் சரியில்ல," என்றார் சொல்தா. "காத்து புடிச்சிருக்கும். ஏன்டா இன்னாசி?"

இன்னாசிமுத்து கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். மாரிமுத்து அவனைப் பார்க்கவில்லை, தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நேத்தும் இதாங்க," என்றான் இன்னாசிமுத்து. "பங்குனிலேந்தே இதான். கெணறு எறங்கிப் போச்சு. உங்ககிட்ட அப்பவே சொன்னேன்."

சொல்தா எழுந்துவிட்டார். "சரி, எறங்கிப் போச்சு. அதுக்கு நான் இன்னாடா பண்றது? தண்ணி வந்தாலும் வராட்டாலும் எஞ்சின் டீசல் குடிக்குது. பாய் எனக்குச் சும்மாவா ஊத்தறாரு? மணிக்கு எவ்ளோ எரியுதுன்னு எனக்குல்ல தெரியும்."

"நான் டின் கணக்குல குடுக்கறேன், சொல்தாரே," என்றார் அக்பர் அலி. "ஊத்தற நேரத்துக்குக் காசு வாங்கினா, ஊசி மாதிரி ஊத்திட்டு நான் இந்நேரம் மாடி வூடு கட்டியிருப்பேன்."

மறுபடியும் சிரிப்பு. மாரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. சொல்தாவைப் பார்த்துப் பேசினான்.

"சொல்தாரே, நீங்க சைகோன்லேந்து வந்து எத்தினி வருஷம் உங்க கழனிக்கு நானும் இன்னாசியும் ஏத்தம் எறைச்சோம்? நூறு சாலுக்கு மூணணா. தையிலயும் மூணணா, சித்திரையிலயும் மூணணா. சித்திரையில கெணறு இதே மாதிரிதான் எறங்கிச்சு. கயிறு இன்னும் ரெண்டு ஆள் மட்டம் கூட எறங்கும். இவன் தோள்பட்டை கழண்டுது, எனக்குக் கால் வெடிச்சுது. ஒரு சாலுக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆச்சு. நேரம் ஆச்சுன்னு அரையணா கூடக் கேட்டமா? கெணறு எறங்கினா அது எங்க நட்டம்னு இருந்தோம். எறைச்ச தண்ணிக்குத்தான் காசு வாங்கினோம். எஞ்சினு வந்ததும் நட்டம் எங்க தலையிலயா?"

"அது மனுசன் எறைக்கறது. இது மெஷினுடா."

"மெஷினுக்குக் கால் வலிக்காதுல்ல. அப்பறம் ஏன் அதிகம்?"

காத்திருந்தவர்களில் நாகமுத்து என்கிறவன், "அப்ப என் நோட்டையும் பாக்கணும்," என்றான். "எனக்கும் நாலு மணி போட்டிருக்கு." இன்னொருத்தனும் முணுமுணுத்தான். சொல்தாவுக்கு அது கேட்டது. பொங்கலுக்குக் கட்டின தொட்டியைச் சுற்றி இத்தனை பேர் தன்னை முறைத்துப் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

"சரிடா, உன் கணக்கு இன்னா?"

மாரிமுத்து மடியிலிருந்து ஒன்பது கூழாங்கல்லை எடுத்துத் தொட்டி விளிம்பில் வரிசையாக வைத்தான். "ஒன்பது தரம் பாய்ஞ்சுது. என் கழனிக்கு ஒருதரத்துக்கு ஒன்றரை மணித் தண்ணி, அது நீங்க மாசியில பாய்ச்சினதுதான். மொத்தம் பதிமூன்றரை மணி. பதினாலணா வீதம் பதினொண்ணு ரூபா பதிமூணணா. இன்னாசி, போட்டுப் பாரு."

இன்னாசிமுத்து நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தான். "சரிதான், மச்சான்." ஏத்தம் போன பிறகு அவன் அந்தச் சொல்லை எஞ்சின் மேட்டில் சொன்னது அன்றைக்குத்தான்.

சொல்தா கையை வீசினார். "போடா. பாதியத் தள்ளி வுட்டேன். ஏழை, பொழச்சுப் போ. தள்ளுபடின்னு எழுதிக்கோ இன்னாசி."

"எழுதாத," என்றான் மாரிமுத்து.

சொல்தா திரும்பிப் பார்த்தார்.

"தள்ளுபடி வேணாம். நான் குடுக்க வேண்டியதத் தள்ளினாதான் தள்ளுபடி. நான் வாங்காத தண்ணிக்கு நீங்க எழுதியிருக்கீங்க. தப்புக் கணக்குன்னு அடிங்க. அடிச்சிட்டு என் காச வாங்கிக்கோங்க."

"பத்து பேர் முன்ன என்னத் தப்புன்னு எழுதச் சொல்றியா?"

"பத்து பேர் முன்னதான் இருபத்து மூணுன்னு சொன்னீங்க."

அக்பர் அலி டின் மூடியைத் திருகிக்கொண்டே, "எழுதிடுங்க சொல்தாரே. மத்தவங்களுக்கும் அப்புடியே எழுதினா உங்க எஞ்சினுக்கு நாளைக்கும் ஆள் வரும். இல்லன்னா ஏத்த மரத்தத் தேடிப் போயிடுவாங்க," என்றார். பட்டறைக்காரன் அந்த மரங்களை எப்போதோ வண்டிச் சட்டமாக அறுத்துவிட்டான். அது எல்லாருக்கும் தெரியும். சொல்தாவுக்குத் தெரியுமோ என்னவோ, யாரும் வாயைத் திறக்கவில்லை.

"தப்புன்னு அடிடா," என்றார் சொல்தா கடைசியில், எஞ்சினைப் பார்த்தபடி.

இன்னாசிமுத்து இருபத்து மூணு ரூபா பத்தணாவின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தான். பக்கத்தில் "கணக்கு தப்பு" என்று எழுதினான். கீழே பதினொண்ணு பதிமூணு, பைசல். மாரிமுத்து நோட்டை வாங்கி விரல் வைத்து எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தான். அவன் படித்து முடிக்கிற வரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். வேலம்மாள் ஓரமாக நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பன்னிரண்டு ரூபாயை எண்ணிச் சொல்தா கையில் வைத்தான்.

"தொட்டிக்கு ஓடின டீசல் காசு இதுலயே எடுத்துக்கோங்க."

"அது வேணாம் போ," என்றார் சொல்தா. மீதி மூணணாவை அவன் கையில் கொட்டினார். மாரிமுத்து அதையும் எண்ணித்தான் வாங்கினான்.

ஒன்பது கல்லையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, மடையைத் திறக்கக் கழனிக்கு நடந்தான். பின்னால் வேலம்மாள் வந்தாள். வழியில், இன்றைக்குப் பாயப் போகிற பத்தாவது தண்ணிக்கு ஒரு கல் தேடிக் குனிந்தான்.