ஏழாம் தொட்டி

ஆத்தூருக்கு மேற்கே இருக்கும் அந்தக் கிழங்கு மில்லில் நான் பத்தொன்பது வருஷமாகத் தொட்டி மேஸ்திரி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து வரும் பாலை எந்தத் தொட்டிக்குத் திருப்புவது, எவ்வளவு நேரம் படியவிடுவது, மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரை எப்போது திறந்துவிடுவது, எல்லாம் என் பொறுப்பு. அடியில் கல் மாதிரி இறுகிய மாவை வெட்டிக் கொடுத்தால் என் வேலை தீர்ந்தது. அதை உதிர்த்துக் குலுக்கி உருட்டுவதும், சூடான சட்டியில் புரட்டுவதும், களத்தில் காயப்போட்டு ஜவ்வரிசி ஆக்குவதும் வேறு ஆட்கள்.

அத்தாயி அரவை மிஷினுக்குக் கிழங்கு தள்ளுகிறவள். முப்பது வயசிருக்கும். கட்டட வேலைக்குக் கேரளா போன புருஷன் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். வாய் மட்டும் ஓயாது. அவள் பக்கத்தில் நின்று தோல் சீவுகிற பெண்கள் சிரித்துச் சிரித்துக் கையை அறுத்துக்கொள்வார்கள்.

அந்தத் தை மாசம் கிழங்கு லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. மிஷின் வாயில் ஓர் இரும்பு மூடி உண்டு, கை உள்ளே போகாமலிருக்க. தடித்த கிழங்கு அதில் சிக்கிச் சிக்கி நின்றது. முதலாளி குப்பண்ணன் வந்து பார்த்துக் கத்தினார்.

"ஏன்டா மாது, இந்தக் கருமத்தக் கழட்டி வீசுனா என்ன? லாரிக்காரன் வாடகைய நீ குடுக்கறயா?"

நான்தான் ஸ்பேனர் எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றினேன். அத்தாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏனுங் மேஸ்திரிண்ணா, மிஷினோட வேட்டிய உருவிட்டீங்களே. பொம்பளைங்க நிக்கற எடம், அதுக்கு வெக்கமா இருக்காதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அலறியபோது நான் தொட்டி மேட்டில் இருந்தேன். ஓடி வந்து சுவிட்சை அணைத்தேன். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. துண்டைச் சுற்றி, கிழங்கு இறக்கிய வண்டியிலேயே ஏற்றி அனுப்பினோம். அவள் அழவில்லை. "எம் புள்ளைக்கிட்ட யாரும் சொல்லாதீங்க, நானே சொல்லிக்கறேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வாய்க்காலில் பால் கொஞ்ச தூரம் இளஞ்சிவப்பாக ஓடியது. பிறகு வெள்ளையாகிவிட்டது. அது ஏழாம் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பால்.

நான் முதலாளியிடம் போனேன்.

"ஏழாந் தொட்டியத் தொறந்து ஓடைக்கு விட்டுரலாமுங்களா?"

"எதுக்கு?"

"அந்தப் புள்ள வெரலுங்க..."

"வெரலு எங்க இருக்குது? எடுத்துக் காட்டு. அரைஞ்சது சக்கைத் திப்பியோட மாட்டுக்குப் போயிருக்கும். மிச்சத்த மூணு தண்ணி விட்டு அலசு. போடா, ஊருக்கு முன்னாடி நின்னுக்கிட்டுப் பேசாத."

மூன்று தண்ணீர் விட்டேன். என் மனத் திருப்திக்கு நாலாவதும் விட்டேன். படிந்து வந்த மாவு அந்த வருஷத்திலேயே நல்ல வெள்ளை. அது உருண்டது, காய்ந்தது, மூட்டையாகி நாக்பூர் லாரியில் ஏறியது. அங்கே சிவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. விரதத்துக்கு அவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் அத்தாயி என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எம் வெரல என்னண்ணா பண்ணுனீங்க?"

அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "எடை மேடைக்குப் பக்கத்துல புங்க மரத்தடியில பொதைச்சிட்டேன். மஞ்சத்துணியில சுத்தி" என்றேன். மஞ்சள் துணி எங்கிருந்து என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு. நாய் கீய் இழுத்துக்கிட்டுப் போயிருக்குமோன்னு நெனச்சேன்" என்றாள்.

கை ஆறியதும் அவளைக் களம் கூட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் புங்க மர நிழலில் குறுக்கே நடப்பார்கள். அவள் மட்டும் வெயிலில் சுற்றிப் போவாள்.

ஆவணியில் ஒரு வீடியோ வடக்கே பரவியது. சேலத்து மில்லில் அழுகிய கிழங்குப் பால் தொட்டியில் புழு நெளிவதாகவும், அதைக் காலால் மிதித்து ஜவ்வரிசி செய்வதாகவும், அது சைவமே இல்லை என்றும் யாரோ பேசியிருந்தார்கள். பொய்தான். எங்கள் தொட்டிகளுக்கெல்லாம் டைல்ஸ் போட்டு எத்தனையோ வருஷம். ஆனால் நாக்பூர் ஆர்டர் நின்றுபோனது. மூட்டைகள் குடோனில் கூரை வரை ஏறின.

நாக்பூர் வியாபாரி கோவர்தன் சேட்டு நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். முப்பது வருஷமாக எங்களிடம் வாங்குகிறவர். சேலத்துக்கு வந்து போய்த் தமிழ் நன்றாகவே பேசுவார். முதலாளி மில்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார். எல்லோருக்கும் தொப்பி, கையுறை. இரும்பு மூடியைத் தேடி எடுத்து, துரு சுரண்டி, பச்சைப் பெயின்ட் பூசி என்னையே மாட்டச் சொன்னார். கருவாடு, முட்டை கொண்டுவந்தால் வேலை இல்லை என்று சொல்லி, கேட்டில் எல்லோருடைய தூக்குப் போசியையும் திறந்து பார்த்தார்கள். அத்தாயி தன் போசியை நீட்டி, "நல்லா மோந்து பாருங்க. ஆறு மாசமா ரசந்தான்" என்றாள்.

சேட்டு காலையில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுவுகிற இடம், அரவை, சல்லடை, தொட்டி. வயசானவர், மூச்சு வாங்கியது. ஏழாம் தொட்டி விளிம்பில் குனிந்து மாவை விரலால் தொட்டு நெற்றிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"மேஸ்திரி, ஒரு வார்த்தை கேக்கறேன், கோச்சுக்காதீங்க. எங்க அம்மாவுக்கு எண்பத்தாறு வயசு. ஏகாதசிக்கு இது மட்டும்தான் சாப்பிடும். அந்த வீடியோவ எவனோ காட்டிட்டான். இப்ப அஞ்சு ஏகாதசியா வெறும் தண்ணி. நீங்க மாவு வெட்டற ஆளு, நீங்க சொன்னா நான் போய்ச் சொல்வேன். இந்தத் தொட்டியில உசுருள்ளது எதுவும் விழுந்ததில்லையே?"

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க சேட்டு. கெழங்கும் தண்ணியும் மட்டுந்தானுங்க" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது அத்தாயி விளக்குமாறோடு மரத்தைச் சுற்றிப் போவதைப் பார்த்துவிட்டார். "நிழல் இருக்கு, ஏம்மா வெயில்ல போறே?" என்று கேட்டார். அவள் கையுறையை உருவிக் கையைக் காட்டினாள். உருவிய கையுறையில் அந்த இரண்டு விரல்களின் இடத்திலும் பஞ்சு அடைத்திருந்தது.

"எம் வெரலு ரெண்டும் அங்க பொதைச்சிருக்குதுங்க சேட்டு. அதுமேல எப்பிடி மிதிக்கறது?"

முதலாளி முந்திக்கொண்டார். "சின்ன ஆக்சிடென்ட். நாங்கதான் எல்லாம் பாத்துக்கறோம்."

சேட்டு மரத்தடிக்குப் போய், வெறும் மண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று மத்தியானம் மில்லிலேயே கிளறிய கிச்சடியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். ஆர்டர் மறுபடி வந்தது.

அத்தாயிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்களாண்ணா, எம்மாம் பெரிய மனுசன்! எம் வெரலக் கும்புட்டுட்டுப் போறாரு. எம் புள்ளைக்கிட்டச் சொல்லோணும்." என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. களத்து ஓரத்தில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைக் கழற்றியது அவளுக்குத் தெரியும். தொட்டியைச் சொன்னேன். நாலு தண்ணீரைச் சொன்னேன். நாக்பூர் லாரியைச் சொன்னேன்.

விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"அப்போ வெரதம் இருந்து தின்னாங்களா?"

"ஆமா."

"எம் வெரலத் தின்னுபோட்டுச் சாமியக் கும்புட்டாங்களா?" சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. "அந்தக் கெழவரு மூஞ்சியப் பாத்து எப்பிடிண்ணா இல்லைன்னீங்க?"

"மொதலாளி பக்கத்துல நின்னாரு அத்தாயி."

"ஆஸ்பத்திரியில எங்கிட்டச் சொன்னப்போ யாரு நின்னா?"



அடுத்த வாரம் அவள் ஆத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். மூடி கழற்றியிருந்தது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். இப்போது போய்ப் பார்த்தால் மூடி பச்சைப் பெயின்ட்டோடு இருக்கிறது. தோல் சீவுகிற பெண்கள் யாரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள்.

"நீங்க வந்து சொல்லுவீங்களா?"

கழற்றியது என் கை. மூன்றாவது மகளுக்கு அப்போதுதான் இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். "பாக்கலாம் அத்தாயி, கொஞ்சம் பொறு" என்றேன்.

"பொறுத்தா மொளைக்குமா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நான் போகவில்லை. வக்கீல் இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவளுடைய கவனக்குறைவு என்று முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தில் சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவள் மஞ்சள் வெட்டவும் கடலை பிடுங்கவும் போகிறாள். போன மாசம் ஆத்தூர் பஸ்ஸில் பார்த்தேன். என் பக்கத்து சீட் ஒன்றுதான் காலி. நான் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டேன். கண்டக்டர்கூட, "உக்காரும்மா, எடம் இருக்குதில்ல" என்றார். அவள் என்னைத் திட்டவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. மேல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஆத்தூர் வரும் வரை நின்றுகொண்டே வந்தாள்.