புளித்த குளம்

மஞ்சுளாவின் மாவு பொங்குவதை நிறுத்திய அன்றுதான் பக்கத்து வீட்டு நீச்சல் குளம் பொங்க ஆரம்பித்தது. திருச்செங்கோட்டுக்கு வெளியே புதுக்காலனியில் இதைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. குளம் மருதாசலத்துடையது. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஒரு கோடையில் வீட்டுக்குப் பின்னால் நீல ஓடு பதித்து அதைக் கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று சொந்தக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் அளவுக்கு இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் நீந்தத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் அதற்குமேல் அதில் ஒன்றும் நடக்கவில்லை. தொழில் ராய்ப்பூர் பக்கம் பெருகியதும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். பூட்டிய வீட்டில் தண்ணீர் முதலில் டீ நிறமானது, பிறகு பச்சையானது, கடைசியில் சளியானது. செத்த நாய், காக்கைகள், சுவருக்கு மேலாக எறிந்த குழந்தை டயப்பர்கள் எல்லாவற்றையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது. மேலே படிந்த தோல்மீது பூனைகள் கால் நனையாமல் குறுக்கே நடந்தன.

மஞ்சுளா அடுத்த வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றாள். கணவன் சிவபிரகாஷ் மருதாசலத்தின் ரிக்கில் வருடத்தில் பாதிக்குமேல் சத்தீஸ்கரில் கிடந்தான். வீடும், மகள் இலக்கியாவின் படிப்பும் மாவில்தான் ஓடின. அந்த மாவு சட்டியில் சுண்ணாம்பு மாதிரி கிடக்க, சுவருக்கு அந்தப் பக்கம் குளம் விடியற்காலையில் விளிம்புக்கு மேலே இட்லிபோல் உப்பி நின்றது. வெயில் ஏறினால் கொப்புளங்கள் வெடித்துத் தணியும். புளிப்பும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம் துணியில், தயிரில், தலைமுடியில் ஒட்டியது. மஞ்சுளா உளுந்தை மாற்றினாள், வெந்தயத்தைக் கூட்டினாள், சட்டிக்குக் கம்பளி போர்த்தினாள். பயனில்லை. எதிர்வீட்டு அஜீஸாதான் முதலில் மாவைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "ஏம் மஞ்சு, தோச ஊத்துனா ரப்பர் செருப்பாட்ட வருது. எம் பையன் அதுல கால உட்டுப் பாக்கறானுங்க." மற்றவர்கள் சொல்லாமலே வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். நகராட்சியிலிருந்து வந்து பவுடர் தூவினார்கள். குளம் இன்னும் உப்பியது. கொசுப்புழு தின்ன மீன் விட்டார்கள். மறுநாள் மீன்கள் ஊறுகாய்போல் மிதந்தன. பிறகு அவர்கள் வரவில்லை.

மழை தொடங்கியதும் வண்டிகளோடு சிவபிரகாஷ் ஊர் வந்தான். வாசலிலேயே வாந்தி எடுத்தான், முதலாளிக்குப் போன் போட்டான். "இதுக்கு ஏஞ் சாமி ரோசன பண்ற?" என்றார் மருதாசலம். "நம்முளுது வண்டி சும்மாதான நிக்குது? அடியில ஒரு ஓட்டையப் போட்டு உடு. அத்தனையும் பூமிக்குள்ள எறங்கீரும்." அந்தப் பக்கத்து ரிக்காரர்களுக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் தோன்றுவது துளை. மஞ்சுளா மட்டும் கேட்டாள்: "ஊரான் காட்டுலயெல்லாம் ஓட்ட போட்டீங்களே, ஒண்ணுலயாவது தண்ணி கீழ போச்சுங்களா?" சிவபிரகாஷ் அவளை மாவாட்டுகிற வேலையைப் பார்க்கச் சொன்னான். ஆட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லையே என்று அவள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

மதில் சுவரை இடித்து வண்டியைப் பின்னால் கொண்டுபோனார்கள். தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றது. ரிக் துளைக்கும்போது கம்ப்ரசர் குழாய் வழியாகக் காற்றை அடியில் அடிக்கும். உடைந்த கல்லும் மண்ணும் அந்தக் காற்றில்தான் மேலே வரும். காற்றில்லாமல் துளைக்க சிவபிரகாஷுக்குத் தெரியாது. குளத்தின் அடியில் குழாயை இறக்கி, வழக்கம்போல் காற்றைத் திறந்து துளைத்தான். குளம் மொத்தமாக எழுந்தது. தென்னை உயரம் போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு தெருவில் ஒரு வீடு விடாமல் விழுந்தது. மொட்டைமாடித் துணிகளில், தண்ணீர்த் தொட்டிகளில், அண்ணாந்து பார்த்த வாய்களில் விழுந்தது. செத்த நாய் அஜீஸாவின் ஸ்கூட்டி சீட்டில் விழுந்தது. அவள் முகத்தை வழித்துவிட்டுச் சொன்னாள்: "சிவா தம்பி, கொளத்த எறக்கச் சொன்னா எங்கூட்டு மேல ஏத்தி உட்டுட்டியே!" மிச்சத்தை அந்தத் துளை உறிஞ்சிக் குடித்து ஏப்பம் விட்டது. நீல ஓடுகள் நக்கித் துடைத்ததுபோல் பளிச்சென்று தெரிந்தன.

மறுநாள் முதல் காலனியின் எல்லா ஆழ்துளைக் குழாயிலும் பச்சைத் தண்ணீர் வந்தது. வேறு தண்ணீர் இல்லை. மஞ்சுளா அதிலேயே அரிசி ஊறவைத்து அரைத்தாள். காலையில் மாவு மூடியைத் தள்ளி, அடுப்படியைத் தாண்டி, வாசற்படிவரை பொங்கி வந்திருந்தது; இளம்பச்சை நிறம். அவள் ஒரு ஈடு வேகவைத்து, குமட்டலை அடக்கிக்கொண்டு ஒரு விள்ளல் தின்றாள். பஞ்சுபோல் இருந்தது. அஜீஸா மோந்து பார்த்தாள். தன் வீட்டு நாற்றம்தான் என்பதால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாவுக்குத் தூக்குப்போசியை நீட்டினாள். வாரம் முடிவதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மருதாசலம் திரும்பி வரவே இல்லை. காலிக் குளத்தில் மஞ்சுளா அரிசி காயவைக்கிறாள், துளையின் வாயில் ஒரு கல்லை வைத்திருக்கிறாள், கல் காலையில் சற்று எழும்பி மாலையில் இறங்குகிறது.

போன தை மாதம் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். இலையில் வெள்ளை வெளேரென்று இட்லி விழுந்தது. இலக்கியா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, இது செத்த இட்லிங்க" என்றாள், பந்தி முழுவதற்கும் கேட்கும்படி. மஞ்சுளா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தன் இலையைப் பார்த்தாள், இட்லியை விரலால் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, கேசரியை மட்டும் சாப்பிட்டு எழுந்தாள்.